உணவுக்குழாய்ப் புற்றுநோய்: கீமோதெரபியும் கதிரியக்கச் சிகிச்சையும் சேர்த்துத் தரப்படும்போது

உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கோ உணவுக்குழாயில் புற்றுநோய் இருப்பது உறுதியாகியிருக்கலாம். கீமோதெரபியையும் கதிரியக்கச் சிகிச்சையையும் ஒரே காலத்தில் எடுத்துக்கொள்ளும்படி மருத்துவர் கூறியிருந்தால், இந்தக் கையேடு உங்களுக்கானது. சிகிச்சை பெரும்பாலும் ஐந்து முதல் ஆறு வாரம் நீடிக்கும். அந்த வாரங்களில் என்ன நடக்கும், எந்த இடத்தில் மனம் தளரக்கூடும், அப்போது என்ன செய்யலாம் என்பதை இங்கே விளக்குகிறோம். ஒரே மூச்சில் படித்து முடிக்க வேண்டியதில்லை. எழுத்து சிறியதாகத் தெரிந்தால், வீட்டில் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

உணவுக்குழாயில் வரும் நோய்

உணவுக்குழாய் தொண்டையிலிருந்து வயிற்றுக்குச் செல்லும் தசைக்குழாய். பெரியவர்களுக்கு அது சுமார் 25 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மூச்சுக்குழாய்க்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், இதயத்தை ஒட்டியபடி அது கீழே இறங்குகிறது. இந்த இடநெருக்கடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கவிளைவுகள் பலவற்றுக்கும் காரணம் அதுதான்.

புற்றுக்கட்டி குழாயின் உட்புறத்தில் வளரும்போது வழி குறுகுகிறது. முதலில் இறைச்சியும் சோறும் நெஞ்சில் நிற்பதுபோல் இருக்கும். பிறகு ரொட்டி இறங்காது. அதன்பின் கஞ்சியே கஷ்டமாகும். நம் மூத்தோரில் பலர் இதை "பல் சரியில்லை", "வாயுத் தொல்லை", "வயதாகிவிட்டது" என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் சோற்றிலிருந்து கஞ்சிக்கு மாறிவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் அது தெரிவதில்லை. இந்த நோய் பெரும்பாலும் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. குழாயின் உட்புறத் தோலில் தொடங்கும் செதிளணுப் புற்றுநோய் ஆசிய நாடுகளில் அதிகம். புகைபிடித்தல், மது, வெற்றிலை பாக்கு ஆகியவை அதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. புகையிலை சேர்க்காமல் வெற்றிலை பாக்குப் போட்டாலும் ஆபத்து உண்டு. இரண்டாவது வகை சுரப்பணுப் புற்றுநோய். அது பெரும்பாலும் குழாயின் அடிப்பகுதியில், வயிற்றோடு சேரும் இடத்தில் வரும். நீண்டகால நெஞ்செரிச்சலும் உடல் பருமனும் அதனுடன் தொடர்புடையவை. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016ல் அறிவித்தது. இவை எதுவுமே இல்லாதவர்களுக்கும் இந்த நோய் வருவதுண்டு. "நான் என்ன தப்பு செய்தேன்" என்ற கேள்வியில் இப்போது பொழுதைச் செலவிட வேண்டாம்.

உங்களுக்கு எந்த வகை என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிகிச்சை அதைப் பொறுத்து மாறும்.

"முற்றிய நிலை" என்றால் என்ன?

இந்தச் சொல் பலரைப் பயமுறுத்துகிறது. தமிழில் "முற்றிவிட்டது" என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். மருத்துவர்கள் அந்தப் பொருளில் சொல்வதில்லை. அவர்கள் ஒரே சொல்லால் இரண்டு வேறு நிலைமைகளைக் குறிப்பிடுகிறார்கள். உங்களுடையது எது என்பதைக் கேட்டே ஆகவேண்டும்.

முதலாவது, கட்டி குழாயின் சுவருக்குள் ஆழமாகப் போயிருக்கிறது, அல்லது பக்கத்தில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கு (நெறிக்கட்டிகளுக்கு)ப் பரவியிருக்கிறது, ஆனால் தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் போகவில்லை என்ற நிலை. இதை "அவ்விடத்தளவில் முற்றியது" என்பார்கள். கீமோவும் கதிரியக்கமும் சேர்ந்த சிகிச்சை முக்கியமாக இவர்களுக்கானது. நோயை முழுமையாக நீக்கும் நோக்கத்தோடுதான் அது தரப்படுகிறது.

இரண்டாவது, கல்லீரல், நுரையீரல், எலும்பு போன்ற இடங்களுக்கு நோய் பரவிவிட்ட நிலை. இப்போது நோயை முழுமையாக நீக்குவது நோக்கமாக இருக்காது. நோயைக் கட்டுப்படுத்துவது, வலியைக் குறைப்பது, உணவு இறங்கச் செய்வது ஆகியவையே நோக்கம். இதற்குக் கீமோதெரபி, நோயெதிர்ப்புச் சிகிச்சை, சில நாள்கள் மட்டும் தரப்படும் கதிரியக்கம், குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட் எனும் சிறு வலைக்குழாய் ஆகியவை பயன்படுகின்றன. ஆறு வாரச் சிகிச்சையின் முழுச் சிரமத்தையும் இவர்கள் பட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

எனவே மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "என் சிகிச்சையின் நோக்கம் நோயை நீக்குவதா, கட்டுப்படுத்துவதா?" கூச்சப்பட வேண்டிய கேள்வி அல்ல இது. பதில் தெரிந்தால்தான் வரப்போகும் சிரமத்தை ஏற்பதா வேண்டாமா என்று உங்களால் முடிவெடுக்க முடியும்.

இரண்டையும் ஏன் சேர்த்துத் தருகிறார்கள்?

கதிரியக்கம் புற்றணுக்களின் உள்ளே இருக்கும் மரபுப்பொருளை உடைக்கிறது. ஆனால் புற்றணுக்கள் கெட்டிக்காரத்தனமானவை. பகலில் பட்ட அடியை இரவில் பழுதுபார்த்துக்கொள்ள முயலும். கீமோ மருந்து உடலில் இருந்தால் அந்தப் பழுதுபார்க்கும் வேலை தடைப்படுகிறது. இடித்த சுவரை மறுபடி பூச வரும் கொத்தனாரின் கையைக் கட்டிவைப்பதுபோல. அதோடு, கதிர் படாத இடங்களில் ஒளிந்திருக்கும் சிறுசிறு புற்றணுக்களையும் இரத்தத்தில் ஓடும் மருந்து தேடிப்பிடிக்கிறது.

சேர்த்துத் தருவதால் எவ்வளவு வேறுபாடு? அமெரிக்காவில் 1980களில் தொடங்கிய ஓர் ஆய்வில், ஒரு பிரிவினருக்குக் கதிரியக்கம் மட்டும் கூடுதல் அளவில் தரப்பட்டது. இன்னொரு பிரிவினருக்குக் குறைந்த அளவு கதிரியக்கத்துடன் கீமோவும் தரப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, கதிரியக்கம் மட்டும் பெற்ற பிரிவில் எவரும் உயிரோடு இல்லை. இரண்டையும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 26 பேர் இருந்தார்கள். இந்த எண் சிறியதாகத் தெரியலாம். ஆனால் பூஜ்யத்திலிருந்து 26 என்பது மருத்துவர்களின் வழக்கத்தையே மாற்றிய எண்.

அறுவை சிகிச்சை செய்துகொள்ளக்கூடியவர்களைப் பற்றி நெதர்லாந்தில் நடந்த ஆய்வின் முடிவு 2012ல் வெளிவந்தது. நேராக அறுவை செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் 24 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். முதலில் ஐந்து வாரம் கீமோவும் கதிரியக்கமும் பெற்று, பிறகு அறுவை செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் சுமார் 49 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். செதிளணு வகை நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அறுவையில் எடுத்த திசுவைச் சோதித்தபோது உயிருள்ள புற்றணு ஒன்றுகூடத் தென்படவில்லை.

சுரப்பணு வகைக்கு நிலைமை சற்று வேறு. அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோ மட்டும் தருவது சிலருக்குக் கூடுதல் பலன் தருகிறது என்று அண்மை ஆய்வு காட்டியுள்ளது. ஆகவே உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தரப்பட்ட சிகிச்சையும் உங்களுக்குத் தரப்படுவதும் வேறுபட்டால், ஒருவருக்குத் தவறாகத் தருகிறார்கள் என்று பொருள் இல்லை.

அறுவை உண்டா இல்லையா

சிலருக்கு இந்தச் சிகிச்சை முடிந்து சில வாரங்கள் கழித்து, பாதிக்கப்பட்ட உணவுக்குழாயை அகற்றும் அறுவை நடக்கும். இது பெரிய அறுவை. இதயமும் நுரையீரலும் அதைத் தாங்க வேண்டும். கட்டி கழுத்துக்கு அருகில் இருந்தாலோ, உடல்நிலை இடம் கொடுக்காவிட்டாலோ, கீமோவும் கதிரியக்கமும் மட்டுமே முழுச் சிகிச்சையாக அமையும். அப்போது கதிரியக்க அளவு சற்றுக் கூடுதலாக இருக்கும். பெரும்பாலும் 25 முதல் 28 முறை தருவார்கள்.

வயது மட்டுமே தடை அல்ல. எழுபது, எழுபத்தைந்து வயதில் இந்தச் சிகிச்சையை முடித்தவர்கள் உண்டு. மருத்துவர்கள் பார்ப்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, இதயம் எப்படி, நீங்களே குளித்து உடுத்தி நடமாட முடிகிறதா, எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பவற்றைத்தான். காது மந்தமாக இருந்தாலோ, கை கால் மரத்துப்போகும் தொல்லை இருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். சிஸ்பிளாட்டின் என்ற மருந்து காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். பேக்லிடாக்செல் நரம்புகளைப் பாதிக்கும். நீங்கள் சொன்னால் வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு.

தொடங்குவதற்கு முன்

முதலில் ஸ்கேன் எடுத்துக் கதிர் எங்கே பட வேண்டும் என்று திட்டமிடுவார்கள். மார்பில் சில சிறு புள்ளிகளைப் பச்சைகுத்துவார்கள் அல்லது மையால் கோடு போடுவார்கள். தினமும் நீங்கள் ஒரே நிலையில் படுப்பதற்கு அவை அடையாளம். மைக்கோடாக இருந்தால் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். அந்த இடத்தில் எண்ணெய், கோடாலித் தைலம், சந்தனம், விபூதி எதையும் பூச வேண்டாம். நெற்றியில் இட்டுக்கொள்வதில் தடையில்லை.

கழுத்து நகைகளைக் கழற்றும்படி கேட்பார்கள். தாலியைக் கழற்ற மனம் வராத பெண்கள் அதை முதல் நாளிலேயே தயங்காமல் சொல்லுங்கள். சங்கிலிக்குப் பதில் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டால் போதுமா என்று கேட்கலாம். கேட்காமல் மனத்துக்குள் வைத்துக்கொண்டு, அதனாலேயே சிகிச்சைக்குப் போகத் தயங்குவதுதான் வேண்டாத காரியம்.

பல் மருத்துவரைப் பாருங்கள். புகைபிடிப்பவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சிகிச்சையின்போது புகைபிடித்தால் பக்கவிளைவு கூடும், பலன் குறையும். தனியாக நிறுத்த முடியாவிட்டால் தாதியிடம் சொல்லுங்கள். உதவிக்கு ஆள் உண்டு. நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு மருந்தாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாட்டு மருந்து, சித்த மருந்து, சீன மருந்து, ஊரிலிருந்து வந்த சூரணம் எதுவானாலும் அதே பையில் இருக்கட்டும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சிலவகைப் பொடிகளும் சத்து மாத்திரைகளும் கீமோ மருந்தோடு மோதும் என்பதால்தான் கேட்கிறார்கள்.

ஒரு வாரம் எப்படிப் போகும்

கதிரியக்கம் திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு ஒரு முறை. அறையில் இருப்பது கால் மணி நேரம் அளவுதான். கதிர் படும்போது வலிக்காது, சூடும் தெரியாது. அறையில் தனியாக இருப்பீர்கள். ஆனால் வெளியில் இருப்பவர்கள் உங்களைப் பார்த்துக்கொண்டும் நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் இருப்பார்கள்.

கீமோ மருந்து இரத்தக்குழாய் வழியாக ஏற்றப்படும். சில திட்டங்களில் வாரம் ஒரு முறை, சிலவற்றில் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை சில நாள்கள் தொடர்ந்து. கீமோவுக்கு முன் இரத்தப் பரிசோதனை உண்டு. வெள்ளை அணுக்கள் குறைவாக இருந்தால் அந்த வாரக் கீமோவை மருத்துவர் தள்ளிவைக்கலாம். அதற்காகக் கதிரியக்கத்தையும் நிறுத்திவிட்டதாக நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது தொடரும்.

வாந்தி வராமலும் ஒவ்வாமை ஏற்படாமலும் இருக்கத் தரும் ஸ்டீராய்டு மருந்து இரத்தச் சர்க்கரையைக் கூட்டும். நீரிழிவு உள்ளவர்கள் அந்த நாள்களில் சர்க்கரையை அடிக்கடி சோதித்துப் பாருங்கள்.

வீட்டில் பலர் கேட்கத் தயங்கும் ஒன்று: பேரப்பிள்ளைகளைத் தூக்கலாமா? தூக்கலாம். வெளியிலிருந்து தரும் கதிர் உங்கள் உடலில் தங்குவதில்லை. ஆனால் கீமோ ஏற்றிய பிறகு இரண்டு நாள்வரை சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து இருக்கும். கழிவறையில் மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் விடுங்கள். சுத்தம் செய்பவர் கையுறை அணியட்டும். சளி, காய்ச்சல் உள்ள பிள்ளைகளை மட்டும் சில நாள் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வாரம்

இந்தக் கையேட்டில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

முதல் இரண்டு வாரம் பலருக்கு எளிதாகவே போகும். மூன்றாவது வாரத்தை ஒட்டி இரண்டில் ஒன்று நடக்கும். இரண்டுமே சிகிச்சையை விட்டுவிடத் தூண்டும்.

சிலருக்குக் கட்டி சுருங்கி உணவு சுலபமாக இறங்கும். இரண்டு மாதமாகச் சோறு பார்க்காதவர் ஒருநாள் ஒரு கிண்ணம் குழைந்த சோறு சாப்பிடுவார். "குணமாகிவிட்டது, இன்னும் எதற்குத் தினமும் அலைய வேண்டும்?" என்று தோன்றும். உணவு இறங்குகிறது என்றால் வழி திறந்திருக்கிறது என்றுதான் பொருள். புற்றணுக்கள் எல்லாம் அழிந்துவிட்டன என்று பொருள் அல்ல. மீதமிருப்பவை பாதியில் விட்டால் மறுபடி பெருகும்.

வேறு பலருக்கு நேர்மாறாக நடக்கும். முன்பு இறங்கிய கஞ்சியும் இப்போது எரியும். எச்சில் விழுங்கினாலே நெஞ்சுக்குள் கத்தி கீறுவதுபோல் இருக்கும். "நோய் கூடிவிட்டது, சிகிச்சை பலிக்கவில்லை" என்று நோயாளியும் குடும்பத்தாரும் முடிவுகட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அது நோய் கூடியதால் அல்ல. கதிர் பட்ட இடத்தில் உணவுக்குழாயின் உள்தோல் வெந்து புண்ணாகியிருக்கிறது. எதிர்பார்த்த விளைவு இது. சிகிச்சை முடிந்த பிறகு அந்தத் தோல் மறுபடி வளரும்.

நடுவில் நாள்கள் விட்டுப்போனால் என்ன? கதிரியக்கம் சிறுசிறு அளவாகத் தினமும் தரப்படுவதற்குக் காரணம், நல்ல அணுக்கள் இடைவேளையில் தேறிக்கொள்ளும், புற்றணுக்கள் அவ்வளவாகத் தேறாது என்பதே. இடைவெளி நீண்டுவிட்டால் புற்றணுக்களுக்கும் பெருக நேரம் கிடைத்துவிடும். ஒருநாள் விட்டுப்போனால் உலகம் முடிந்துவிடாது. மருத்துவக் குழு அதை ஈடுசெய்ய முயலும். தீபாவளி, பொங்கல், ஊரில் கல்யாணம், பொது விடுமுறை என்று முன்பே தெரிந்தவற்றை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் யாரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் வீட்டில் படுத்துவிடுவது நீங்கள் பட்ட கஷ்டத்தின் பலனையே குறைத்துவிடும்.

வலிக்குத் தாங்கிக்கொண்டு இருக்காதீர்கள். நம் மூத்தோரிடம் இது ஒரு பழக்கம். தாதி கேட்டால் "பரவாயில்லை மா" என்பார்கள். இந்த ஆறு வாரத்துக்கு அந்தச் சொல்லை ஒதுக்கிவையுங்கள். சாப்பிடுவதற்கு முன் விழுங்கி மரத்துப்போகச் செய்யும் திரவ மருந்து உண்டு. அது போதாவிட்டால் மார்ஃபின் திரவம் தருவார்கள். மார்ஃபின் என்றால் கடைசி நேர மருந்து என்று பலர் பயப்படுகிறார்கள். இங்கே அது நீங்கள் சாப்பிடுவதற்காகத் தரப்படுகிறது. புண் ஆறியதும் படிப்படியாக நிறுத்திவிடுவார்கள். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகும், இது போதும், எனக்கு வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுக்கலாம். அந்த உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் வராமல் நின்றுவிடாதீர்கள். வந்து சொல்லுங்கள். வலியைக் குறைத்துத் தொடர முடியுமா என்று பார்ப்பார்கள். முடியாவிட்டால் வேறு பராமரிப்புக்கு வழி செய்வார்கள்.

சாப்பாடு

இந்தச் சிகிச்சையில் சாப்பாடும் மருந்துதான் என்று சொல்வது மிகையில்லை. எடை வேகமாகக் குறைந்தால் உடல் கீமோவைத் தாங்காது. மார்பு மெலிந்துவிட்டால் முதலில் போட்ட கதிரியக்கத் திட்டத்தையே மாற்ற நேரிடலாம். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். எழுதி வையுங்கள்.

மூன்று வேளை என்ற கணக்கை மறந்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக. வெறும் அரிசிக் கஞ்சி வயிற்றை நிரப்பும், சத்து குறைவு. அதில் முட்டை, வேகவைத்து மசித்த பருப்பு, மீன், அரைத்த கோழி இவற்றில் ஒன்றைச் சேர்த்து, ஒரு கரண்டி நெய்யோ எண்ணெயோ விடுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் மென்மையான தவ்ஹூ, பன்னீர், சோயா பால், தயிர் சேர்த்துக்கொள்ளலாம். இட்லியைக் காரமில்லாத சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிடலாம். மிளகு ரசம், சம்பல், ஊறுகாய், புளிக்குழம்பு ஆகியவை புண்ணில் எரியும். சில மாதம் அவற்றுக்கு விடைகொடுங்கள். தே, காப்பி எல்லாம் ஆறவைத்துக் குடியுங்கள்.

காப்பிக்கடையில் ரொட்டியோடு வரும் அரைவேக்காட்டு முட்டை மிருதுவாக இறங்கும் என்பதால் பலருக்கு அதன்மீது ஆசை வரும். கீமோ காலத்தில் அது வேண்டாம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது சரியாக வேகாத முட்டையிலுள்ள கிருமி பெரிய தொல்லையாகிவிடும். முட்டையை நன்றாக வேகவைத்து மசித்துக் கஞ்சியில் கலந்துகொள்ளுங்கள்.

சத்துப்பால் மாவு தரப்பட்டால், நீரிழிவு உள்ளவர்கள் அதற்கேற்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காருங்கள். இரவில் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுங்கள். வெள்ளிக்கிழமை விரதம், தைப்பூச விரதம் போன்றவற்றை இந்த ஆண்டுக்குக் குடும்பத்தில் வேறொருவர் உங்களுக்காக இருக்கட்டும்.

வாய்வழியே போதுமான அளவு உண்ண முடியாதபோது, மூக்கு வழியாகவோ வயிற்றில் சிறு துளையிட்டோ மெல்லிய குழாய் பொருத்தி உணவு தருவார்கள். குழாய் என்றதும் பல குடும்பங்களில் அழுகை தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் இது தற்காலிகமானது. சரியான நேரத்தில் குழாய் போட்டுக்கொண்டவர் சிகிச்சையை முடிக்கிறார். தள்ளிப்போட்டவர் நீர்ச்சத்து இழந்து வார்டில் படுக்க நேரிடுகிறது. குழாய் இருக்கும்போதும், மருத்துவர் தடுக்காதவரை, ஒரு வாய் தண்ணீராவது விழுங்கிக்கொண்டிருங்கள். விழுங்கும் தசைகள் பழக்கம் விட்டுப்போகக் கூடாது.

காலைவரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் போனாலோ, குளிர்நடுக்கம் வந்தாலோ, நடு இரவானாலும் மருத்துவமனை தந்த எண்ணை அழையுங்கள் அல்லது அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பாரசிட்டமால் போட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. நீங்கள் கீமோ எடுப்பவர் என்பதை அங்கே முதலிலேயே சொல்லுங்கள். வீட்டில் ஒரு வெப்பமானி இருக்கட்டும்.

இரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், மூச்சுத்திணறல், கடுமையான நெஞ்சுவலி என்றால் 995ஐ அழையுங்கள். இன்னொன்றும் உண்டு, பலர் கவனிக்காமல் விடுவது: தண்ணீர் குடிக்கும் ஒவ்வொரு முறையும் இருமல் வந்தால், உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே துளை விழுந்திருக்கலாம். குடிப்பதை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். நாள் முழுவதும் தண்ணீர்கூட இறங்காவிட்டாலும் அப்படியே.

குடும்பத்தாருக்கு

"அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்லாதீர்கள், மனம் உடைந்துவிடுவார்" என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளும் பிள்ளைகள் நம்மிடையே பலர். அன்பினால் சொல்வதுதான். ஆனால் சிகிச்சைக்கு ஒப்புதல் தர வேண்டியவர் அப்பா. ஆறு வாரம் தினமும் வந்து படுக்க வேண்டியவரும் அவர்தான். மூன்றாவது வாரத்தில் எதற்காக இந்த வலி என்று அவருக்கே தெரியாவிட்டால், எந்தச் சொல்லைக் கொண்டு அவரைத் தொடரச் சொல்வீர்கள்? எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள். "எல்லாவற்றையும் மகளிடம் சொல்லுங்கள்" என்று அவரே சொன்னால், அதுவும் அவருடைய முடிவு.

மருத்துவர் பேசும் மொழி முழுமையாகப் புரியவில்லை என்றால், தமிழ் பேசும் ஊழியர் அல்லது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பதினான்கு வயதுப் பேத்தியை வைத்து இந்தச் செய்தியை மொழிபெயர்க்க வேண்டாம். அவளுக்கும் அது பாரம். கடினமான வரிகளை அவள் உங்களுக்காகவே மென்மையாக்கிச் சொல்லிவிடவும் கூடும்.

செலவைப் பற்றிய பயத்தால் சந்திப்புகளைத் தவிர்க்க வேண்டாம். கீமோவுக்கும் கதிரியக்கத்துக்கும் மெடிஷீல்டு லைஃப், மெடிசேவ் ஆகியவற்றை வரம்புக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம். செப்டம்பர் 2022 முதல், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள புற்றுநோய் மருந்துகளுக்கே மெடிஷீல்டு லைஃப் பொருந்தும். உங்கள் மருந்து அதில் உள்ளதா என்று தொடங்குமுன் கேளுங்கள். அதன் பிறகும் கட்ட முடியாவிட்டால், மருத்துவச் சமூகச் சேவையாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். மெடிஃபண்ட், தினமும் வந்துபோகும் போக்குவரத்து, வீட்டில் துணைக்கு ஆள் இல்லாத நிலைமை எல்லாவற்றையும் அவரிடம் பேசலாம்.

சிகிச்சை முடிந்த பிறகு

கடைசி நாள் கதிரியக்கம் முடிந்ததும் மறுநாளே வலி குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுத்த ஒன்றிரண்டு வாரம் அது இன்னும் கூடக்கூடும். பிறகு மெல்ல இறங்கும். சோர்வு போவதற்கு மாதங்கள் ஆகலாம். காலையில் புளோக்குக்குக் கீழே ஐந்து நிமிடம் நடப்பதில் தொடங்குங்கள்.

சில வாரங்களுக்குப் பிறகு ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் செய்து எவ்வளவு பலன் கிடைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அறுவை செய்வதா, கண்காணித்தால் போதுமா என்ற முடிவு அப்போது எடுக்கப்படும். அறுவையில் எடுத்த திசுவில் புற்றணு மீதமிருந்தால், சிலருக்கு ஓராண்டுவரை நோயெதிர்ப்புச் சிகிச்சை தருவார்கள்.

உணவு நன்றாக இறங்கிக்கொண்டிருந்து, சில மாதம் கழித்து மறுபடி சிக்கினால் பதற வேண்டாம், ஆனால் தாமதிக்கவும் வேண்டாம். புண் ஆறிய தழும்பு குழாயை இறுக்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பி வழியாக அதை விரித்துவிட முடியும். நோய் திரும்பியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவார்கள். சிகிச்சை முடிந்து ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலோ படியேறும்போது மூச்சுவாங்கலோ தொடங்கினால், நுரையீரலில் கதிர் பட்டதன் விளைவாக இருக்கலாம். அதற்கும் மருந்து உண்டு. அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல், உங்கள் அட்டையில் உள்ள எண்ணை அழைத்துத் தாதியிடம் சொல்லுங்கள்.